பூட்டிய வீடுகளின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வத்தலக்குண்டில் வீடு வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், அந்த வீடுகளின் சாவியோடு சென்னையிலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும் வாழும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும்,

நான் உங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவள். பள்ளிக்கூடத்தில் வேலை. மாறுதலில் வந்தவள், ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டேன். மேற்கே பழனி மலையும், வெயில் ஏறும்வரை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மேகமும், கொடைக்கானல் பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டைப் போடும் கூட்டமும், பூக்கூடையோடு விடியற்காலையில் நிலக்கோட்டைப் பக்கம் பறக்கிற மொபெட்டுகளும் எனக்குப் பழகிவிட்டன. இதையெல்லாம் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போக மனசில்லை. ஆனால் இங்கே ஒரு வீடு கிடைக்க நான் பட்ட பாட்டையும், என் போன்றவர்கள் இன்றும் படுகிற பாட்டையும் உங்களிடம் நேரில் சொல்ல முடிந்ததில்லை. வீடு கேட்டு வாசலில் நிற்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் மனம்விட்டுப் பேச முடியாது. எங்கே ‘இந்தம்மா வாயாடி’ என்று கதவைச் சாத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டிப் போட்டிருக்கும் வீடுகளைத் திறந்து ஆள் குடிவையுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வீடு கேட்டு வருகிறவரிடம் சாதி கேட்பதை நிறுத்துங்கள்.

பழைய தெருக்களில் ஒரு சாயங்காலம் மெதுவாக நடந்து பார்த்தால் பூட்டிய வீடுகள் தானாகக் கண்ணில் படும். திண்ணையில் சருகு குவிந்திருக்கும், வாசலில் கோலம் இருக்காது. அப்படி ஒரு வீட்டின் சாவியை வைத்திருந்த எதிர்வீட்டு அம்மா, நான் கெஞ்சியதால் ஒருநாள் திறந்து காட்டினார். பூட்டில் எண்ணெய் விட்டு, கதவைத் தோளால் தள்ளித்தான் உள்ளே போக முடிந்தது. சிவப்புச் சிமெண்டுத் தளம், பட்டாசாலையில் ஊஞ்சல் மாட்டும் இரும்புக் கொக்கிகள், நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம். அடுப்படியின் மேலே இருந்த பனங்கைகள் மட்டும் கறுப்பேறி உறுதியாக இருந்தன. கிழக்குப் பக்கத்துக் கைமரங்களின் நுனியை நான் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. சுவரில் தரையிலிருந்து உத்தரம்வரை கரையான் மண்கோடு போட்டு ஏறியிருந்தது. வெளிச்சுவரின் கைப்பிடி இடுக்கில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் காரையைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கியிருந்தது.

ஓடு மாற்றுகிற பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டார். ஓட்டு வீடு விழுவது ஒரே நாளில் நடப்பதில்லை. குரங்கோ பூனையோ ஓடிப்போய் ஒரு ஓடு நகரும். அந்த இடைவெளியில் ஐப்பசி மழை இறங்கும். முதலில் ரீப்பர் நனையும், பிறகு கைமரம், அதன்பின் சுவரின் தலை. வெளியே சுண்ணாம்புக் காரை பூசியிருந்தாலும் உள்ளே செங்கல்லைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மண்சாந்துதான். சுவரின் தலை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தச் சாந்து கரைந்து சுவர் வயிறு தள்ளும். ஆள் குடியிருக்கிற வீட்டில் முதல் சொட்டு விழுந்த அன்றே ஏணி வைத்து ஓட்டைச் சரிசெய்துவிடுவார்கள். விறகடுப்பு எரிந்த காலத்தில் புகையே மரத்தைப் பூச்சியிடமிருந்து காத்தது. “ஆள் பொழங்காத வீட்டுக்குக் கரையான்தான் குடித்தனக்காரன்” என்றார் அவர். வருஷத்துக்கு ஒருமுறை வந்து திறந்து, வெள்ளையடித்து, பூட்டிப் போகிறவர்களுக்கு அந்த வீடு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று தெரிவதில்லை.

காரைக்குடிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று தெரியும். பூட்டிய பெரிய வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூணும் நிலையும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வத்தலக்குண்டு வீடுகள் செட்டிநாட்டு மாளிகைகள் இல்லை. அதனால் அவற்றைப் பிரித்து வாங்கவும் ஆள் வராது. ஒரு மழைக்காலத்தில் பின்கட்டு சரியும், அடுத்ததில் முன்கட்டு. பிறகு மனையாக விலைபோகும்.

ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பலரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: “குடிவெச்சா காலி பண்ண மாட்டாங்க.” இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. ஒரு வீட்டைத் திரும்பப் பெறுவதற்குள் வழக்குப் போட்டவரின் காலமே முடிந்துபோன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் அப்பாவோ தாத்தாவோ அப்படிக் கோர்ட்டுக்கு அலைந்திருக்கலாம். அந்த நினைவு குடும்பத்தில் தங்கிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை.

2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நில உரிமையாளர், குடியிருப்போர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். தகராறு வந்தால் வாடகை நீதிமன்றம், அதற்குமேல் தீர்ப்பாயம். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தாலும், உங்கள் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும், வீடு உங்கள் சொந்தத் தேவைக்கு வேண்டியிருந்தாலும் வீட்டைக் கேட்க வழி இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால் வாடகையைப் பெருக்கிக் கணக்கிட்டு இழப்பீடு வாங்கலாம். பழைய சட்டம் குடியிருப்பவரை மட்டும் பார்த்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

இன்னும் இரண்டு நம்பிக்கைகளை இந்த ஊரில் அடிக்கடி கேட்கிறேன். ‘பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடு குடித்தனக்காரனுக்குச் சொந்தமாகிவிடும்’ என்பது ஒன்று. ஆகாது. அனுபவ பாத்தியம் என்பது உரிமையாளரை எதிர்த்து, அவர் அனுமதி இல்லாமல் அனுபவித்து வருபவர் கேட்பது. வாடகை கொடுத்து உங்கள் அனுமதியோடு இருக்கிறவர் உங்கள் உரிமையை ஒப்புக்கொண்டுதான் இருக்கிறார். அவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். இரண்டாவது, ரேஷன் கார்டில் உங்கள் வீட்டு முகவரி ஏறிவிட்டால் அதைவைத்து வீட்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது. ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அடையாள அட்டை எதுவும் யாருக்கும் வீட்டில் உரிமை தருவதில்லை. ஆனால் அந்த முகவரி மறுக்கப்பட்டால் குடியிருப்பவருக்குக் கேஸ் இணைப்பு இல்லை, ரேஷன் அரிசி இல்லை, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும்போது காட்டச் சான்று இல்லை. எங்கள் பள்ளியில் சேர்க்கைக்கு வந்த ஒரு தாய், “இங்கதான் இருக்கோம் டீச்சர், ஆனா இங்க இருக்கோம்னு எழுதிக் கொடுக்க வீட்டுக்காரரு ஒத்துக்கல” என்று கண் கலங்கினார். உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லாத ஒரு கையெழுத்து அது.

பதினொரு மாத ஒப்பந்தம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையில் கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவுசெய்ய வேண்டும் என்பதால் வந்த குறுக்குவழி அது. புதிய வாடகைச் சட்டத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் நாளைக்குத் தகராறு வரும்போது நஷ்டம் உங்களுக்கும்தான்.

முன்பண விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே முதலில் பார்த்த ஒரு சின்ன வீட்டுக்கு மாத வாடகை நாலாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம் என்றார்கள். இரண்டு அறை, பொதுக் கழிப்பறை, நல்ல தண்ணி தெருக்குழாயில். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தியிடம் ஐம்பதாயிரம் எங்கே இருக்கும்? வேறுவிதமாக இருவரும் எழுதிக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். நடப்பது வேறு. சாவியை ஒப்படைக்கும் நாளில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, குழாய்க்கு இவ்வளவு, ஆணி அடித்த ஓட்டைக்கு இவ்வளவு என்று கழியும். மிச்சத்தை ‘அடுத்த ஆள் வந்ததும் வாங்கித் தர்றேன்’ என்பார்கள். குடிபோகிற புது வீட்டின் அட்வான்ஸுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்போம். அதற்காக வட்டிக்கு வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒத்தி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் அதுதான் ஏழை எளியவர்களின் பெரிய முதலீடு. இரண்டு லட்சமோ நான்கு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள். கெடு முடிந்ததும் பணம் திரும்பும். மகளின் நகையை அடகு வைத்து ஒத்திக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் ஒத்தி என்பது சட்டத்தின் பார்வையில் அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ தொகை கொண்ட அனுபவ அடமானம் பதிவுப் பத்திரத்தில்தான் எழுதப்பட வேண்டும். இங்கே நடப்பதில் பெரும்பகுதி வெறும் முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. உரிமையாளர் இறந்து வாரிசுகளுக்குள் தகராறு வந்தால், அல்லது வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து ஏலத்துக்கு வந்தால், ஒத்திக்காரரின் கையில் இருப்பது அந்தக் காகிதம் மட்டும்தான். நேர்மையான உரிமையாளர்களிடம் கேட்கிறேன்: ஒத்திக்கு விடுங்கள், ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள். பதிவுச் செலவைப் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாம் என்றால் எங்களில் யாரும் மறுக்க மாட்டோம்.

மின்சாரம் சின்ன விஷயமாகத் தெரியலாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். காம்பவுண்டு வீடுகளில் நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே இணைப்பு இருக்கும். குடித்தனத்துக்கு ஒரு சப்-மீட்டர், யூனிட்டுக்கு எட்டோ பத்தோ என்று ஒரே விலை. நாலு வீட்டின் உபயோகமும் ஒன்றாகச் சேர்வதால் மேல்தட்டுக் கட்டணம் விழுகிறது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மின்விசிறியும் இரண்டு பல்பும் எரிக்கிற குடும்பம், அரசாங்கம் தனக்கென்று விட்டுக்கொடுத்த யூனிட்டுக்கும் காசு கட்டுகிறது. முறையாகப் பிரிந்த குடித்தனங்களுக்குத் தனித்தனி இணைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் மாதாமாதம் கணக்குப் பார்க்கிற தொல்லை இல்லை.

இப்போது எழுதக் கை கூசுகிற விஷயம். வீடு பிடித்துவிட்டது, வாடகை ஒத்துவந்துவிட்டது, எத்தனை உருப்படி என்று கேட்டாகிவிட்டது. கடைசியில் அந்தக் கேள்வி வரும்: “தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன ஆளுக?” நேராகக் கேட்காதவர்கள் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலசாமி எது, அசைவம் உண்டா என்று சுற்றி வளைப்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் “மகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்” என்பார்கள். அந்த மகன் ஒருபோதும் பதில் சொல்வதில்லை. ஒரு செவிலியர் பெண், என் தோழி, இந்த ஊரில் இரவுப் பணி முடித்துவிட்டுப் பல கிலோமீட்டர் பஸ்ஸில் தன் கிராமத்துக்குத் திரும்புகிறாள். அவள் ஊசி போடும் கையை நம்புகிற தெருவில் அவளுக்கு வீடு கிடைக்கவில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கும், கணவரைப் பிரிந்து பிள்ளையோடு வாழும் பெண்களுக்கும் இதே கதைதான். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரால் ஒருவர் ஓரிடத்தில் குடியேறுவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. சட்டத்தை நான் மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. உங்களில் பலர் நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வீடு கொடுத்தவர் எதையும் கேட்கவில்லை, காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஊர் நடக்கும் என்பதை அவர் வீட்டில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி நீங்கள் பெருமையாகப் பேசும்போது நான் கூடவே மகிழ்கிறேன். 1884-இல் இந்த ஊரில் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு நின்று பேசியதற்காகச் சிறைக்குப் போனார். சிறையில் தொழுநோய் பிடித்தது. தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தபோது, புண்களோடு ஊர் ஊராக நடந்தார், கட்டை வண்டியில் போனார். 1925-இல் தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் இறந்தார். அந்த வாழ்நாளின் பிற்பகுதியில் அவர் எத்தனை ஊரில் எத்தனை வாசலில் தங்க இடம் கேட்டு நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எங்கோ யாரோ திறந்துவிட்டார்கள், அதனால்தான் அவர் நடந்து முடித்தார். அவர் பிறந்த ஊரில் கதவு திறப்பது எளிதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது தவறா?

ராஜமய்யரும் உங்கள் ஊர்க்காரர்தான். ‘கமலாம்பாள் சரித்திர’த்தை இருபத்து சொச்சம் வயதில் எழுதி, சென்னையில் ‘பிரபுத்த பாரத’ இதழை நடத்தி, 1898-இல் இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். ஊர்வம்பு ஒரு குடும்பத்தை எப்படி ஆட்டிவைக்கும் என்பதைத் தமிழில் முதன்முதலாக அவ்வளவு உயிரோடு எழுதியவர் அவர். வாடகைக்கு வந்தவளின் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று எதிர்த்திண்ணையில் நடக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாவல் நினைவுக்கு வரும். ஒரு பெண்ணைக் காலி செய்யச் சொல்லப் பல சமயம் அந்தப் பேச்சே போதுமானதாக இருக்கிறது.

‘மணிக்கொடி’யைச் சிறுகதைக்கான பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையா இங்கே பிறந்தவர். ‘வாடிவாசல்’ எழுதிய சி.சு. செல்லப்பா இங்கே வளர்ந்தவர். 1959-இல் அவர் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியது சென்னை திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் குடியிருந்தபடி. வத்தலக்குண்டிலிருந்து போனவர்களுக்கு வேறு ஊர்க்காரர்கள் வீடு கொடுத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் உட்கார்ந்துதான் அவர்கள் எழுதினார்கள்.

தமிழ்நாட்டுக்கு வெளியே புதுச்சேரிக்குப் போனால் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியின் நினைவில்லத்தைப் பார்க்கலாம். திருவல்லிக்கேணியில் இன்னொன்று. இரண்டும் அவர் வாடகைக்கு இருந்த வீடுகள்! புதுச்சேரியில் அவர் குடியிருந்த வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைப்பார்களாம். வாடகை பாக்கிக்காக வருவார், பாரதி பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போவார் என்று பாரதியோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களில் யாரும் அப்படி வாடகையை விட்டுக்கொடுக்க வேண்டாம். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறோம். ஆனால் நூறு வருஷம் கழித்தும் ஒரு வீட்டுக்காரரின் நல்ல குணம் பேசப்படுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வத்தலக்குண்டு எப்போதுமே வந்துபோகிறவர்களின் ஊர். அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1875-இல் மதுரைக்கு ரயில் வந்த பிறகு, மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் வத்தலக்குண்டைத் தாண்டி, பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் வண்டியை விட்டுக் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். 1916-இல் மலைப்பாதை பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தபின் வண்டிகள் காட் ரோடு வழியாக நேரே மேலே போகத் தொடங்கின. அன்று முதல் காபிக்கொட்டை, மலைவாழை, பூண்டு, கேரட், சுற்றுலாப் பயணி என்று மலையிலிருந்து இறங்குவதும் மலைக்கு ஏறுவதும் உங்கள் கடைத்தெருவைத் தொட்டுத்தான் போகின்றன. ஊரின் வரும்படியில் ஒரு நல்ல பங்கு வெளியாட்களால் வருகிறது என்பது கடைவைத்திருக்கும் எவருக்கும் தெரியும். வெளியாளிடம் வியாபாரம் செய்யும்போது இல்லாத சந்தேகம், அவருக்கு வீடு கொடுக்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

மலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கவலையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேலே கொடைக்கானலில் குடியிருப்பு வீடுகள் பலவும் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. ஓட்டலிலும் பள்ளியிலும் தோட்டத்திலும் வேலை பார்க்கிறவர்களுக்கு அங்கே வாடகை எட்டாததாகிவிட்டது. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்றம் இ-பாஸ் முறையைக் கொண்டுவரும் அளவுக்கு வண்டிகள் குவிந்தன. அந்த அலை இப்போது அடிவாரத்துக்கும் இறங்குகிறது. மெயின் ரோட்டை ஒட்டிய வீடுகளை நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையை நாலு நாளில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். உங்கள் வீடு, உங்கள் கணக்கு. ஆனால் ஒரு தெருவில் நாலு வீடு அப்படிப் போனால் அந்தத் தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்காது, பால்காரர் நுழைய மாட்டார், இரவில் யார் வந்து போகிறார்கள் என்று பக்கத்துவீட்டாருக்குத் தெரியாது. மலைக்கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இறங்கி வரும் குடும்பங்கள் மாத வாடகை வீடுகளை நம்பித்தான் இருக்கின்றன. பழைய தெருக்களையாவது அவர்களுக்கு விட்டுவையுங்கள்.

எங்கள் பக்கத்தில் குறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை பாக்கியோடு இரவோடு இரவாகச் சாமானை ஏற்றிப் போனவர்கள் இருக்கிறார்கள். பழைய வீட்டின் தேக்கு நிலையில் ஆணி அடிப்பவர்களும், முற்றத்துத் தூம்பில் சோற்றுப் பருக்கையைக் கொட்டி அடைத்துவிட்டு ‘வீடு ஒழுகுது’ என்பவர்களும் உண்டு. ஓட்டு வீட்டில் குடியிருக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்க்க வரலாம், சட்டம் அதற்கு 24 மணி நேர அறிவிப்பு போதும் என்கிறது. சொல்லாமல் வந்து அடுப்படி வரை நுழைவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

பாகம் பிரியாத வீடு, நாலு அண்ணன் தம்பி, நாலு ஊர் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாகம் பிரியும்வரை வீடு நிற்க வேண்டுமே. உங்களில் ஒருவர் பேருக்குப் பொது அதிகாரம் எழுதிக்கொடுத்து, வாடகையைக் கூட்டுக் கணக்கில் போட்டு, அதிலிருந்தே வருஷாவருஷம் ஓடு மாற்றுங்கள். கைமரம் மாற்றுவதற்கான செலவைக் குடிவருகிறவர் முதலில் போட்டு, வாடகையில் மாதாமாதம் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் ஆள் இருக்கிறது. நானே தயார். அந்தக் கணக்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

பேரூராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு வரிச் சீட்டு கொடுக்கும் சன்னலிலேயே மாதிரி ஒப்பந்தப் படிவமும், பதிவுசெய்யும் வழிமுறையும் தமிழில் ஒட்டி வையுங்கள். எங்கள் பள்ளியின் பழைய மாணவிகள் சிலர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறார்கள். கணினி தெரியாத வீட்டுக்காரர்களுக்குச் சனிக்கிழமைகளில் பதிவு செய்துகொடுக்க அவர்களிடம் பேசியிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் ஆதார், வரிச் சீட்டு, மின் இணைப்பு எண் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஓடு மாற்றுகிற அந்தப் பெரியவருக்கு இப்போதே சொல்லிவைத்தால்தான் ஆள் கிடைக்கும், மழைக்கு முந்தைய மாதத்தில் அவரைப் பிடிக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் ஆசிரியை